கடைசிச் சுற்று: நீலகிரிக் குடிகளின் கொடுக்கல்வாங்கல் குறித்து

1

உதகையிலிருந்து கூடலூர் போகிற சாலை பைக்காராவைத் தாண்டி மேட்டுநிலத்தின் மேற்கு விளிம்புக்கு வந்ததும் சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்குப் பெயர் நடுவட்டம். ஒரு பக்கம் தோடர்களின் புல்வெளி, இன்னொரு பக்கம் சரிந்து இறங்கும் காடு, கீழே கூடலூர், அதற்கப்பால் வயநாடு. மழைக்காலத்தில் மேகம் ஊருக்குள் வந்துவிட்டுத்தான் வேறெங்கும் போகும்.

1860களில் மக்ஐவர் என்பவரின் கண்காணிப்பில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசு சின்கோனாத் தோட்டங்கள் போட்டது. ஆண்டிஸ் மலையின் மரம். அதன் பட்டையிலிருந்து எடுக்கும் கொயினா இல்லாமல் மலேரியாக் காடுகளில் சாம்ராஜ்யம் நடத்த முடியாது. தோட்ட வேலைக்கு ஆள் போதவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடமில்லாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகள் மலையேற்றப்பட்டார்கள். அவர்களை அடைத்துவைத்த கல் சிறை நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது.

இந்தக் கைதிகளைப் பற்றி இரண்டு செய்திகள் அச்சில் கிடைக்கின்றன. முதலாவது, ஃபிரான்சிஸ் தொகுத்து 1908ல் வெளியான மாவட்ட விவரச்சுவடியில் வருவது. 1860களின் இறுதியில் ஒரு புயல் இரவில் நீலகிரிச் சிறையொன்றிலிருந்து பன்னிரண்டு சீனர்கள் தப்பினார்கள். தேடிப்போன ஒரு காவல் குழுவிடம் சரணடைவதுபோல் பாவனை செய்து, அசந்த நேரத்தில் அவர்களுடைய ஆயுதங்களாலேயே நான்கு காவலர்களைக் கொன்றார்கள். உடல்கள் சிஸ்பாறை இறக்கத்தில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. இரண்டாவது, எட்கர் தர்ஸ்டன் எழுதியது. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலான சரிவில் ஒரு சீனக் குடியிருப்பை அவர் பார்த்தார். தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு, கொஞ்சம் காப்பியும் மாடும் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தோடு இணக்கமாகப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் செய்தியில் நம்பிக்கை கொலைக்கருவியாகிறது. இரண்டாவதில் அது காய்கறிக் கூடையாகிறது. ஆட்களின் குணம் மாறிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இன்னொரு விளக்கமும் உண்டு. காட்டில் எதிர்ப்பட்ட காவலரை அந்தக் கைதிகள் இனி ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை. காய்கறி வாங்குகிறவனை அடுத்த வாரமும் சந்தித்தாக வேண்டும். இடையில் மாறியது காலத்தின் நீளம்.

2

'கைதிகளின் இக்கட்டு' என்று பெயர் பெற்ற ஆட்டம் ஏறக்குறைய இதைத்தான் பேசுகிறது. 1950ல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் மெரில் ஃப்ளட், மெல்வின் ட்ரெஷர் என்ற இருவர் அதன் எண்களை வகுத்தார்கள். அதே வருஷம் ஆல்பர்ட் டக்கர் என்ற கணிதப் பேராசிரியர் உளவியல்காரர்களுக்கு விளங்கவைப்பதற்காக அந்த எண்களுக்கு ஒரு சிறைக்கதையைப் போர்த்தினார். இரண்டு கைதிகள், தனித்தனி அறை. மற்றவனைக் காட்டிக்கொடுத்தால் உனக்கு விடுதலை. இருவரும் வாய் திறக்காவிட்டால் இருவருக்கும் சொற்பத் தண்டனை. இருவரும் காட்டிக்கொடுத்தால் இருவருக்கும் கடுந்தண்டனை. மற்றவன் எதைச் செய்தாலும் காட்டிக்கொடுப்பதே எனக்கு லாபம் என்று ஒவ்வொருவனும் சரியாகவே கணக்கிடுகிறான். இரண்டு சரியான கணக்குகள் சேர்ந்து இருவரையும் கெடுக்கின்றன. அணுகுண்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு வல்லரசுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த முறைப்புக்கு உத்தி வகுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தில் இந்த ஆட்டம் பிறந்தது தற்செயலாக இருக்க முடியாது.

முப்பது வருஷம் கழித்து ராபர்ட் ஆக்செல்ராட் என்ற அரசியல் அறிஞர் இதே ஆட்டத்தைத் திரும்பத்திரும்ப ஆடவைத்துப் பார்த்தார். கணினி நிரல்களுக்கிடையே ஒரு போட்டி. முதல் போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன. ஒவ்வொரு ஜோடியும் 200 முறை மோதின. இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி, இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1, ஒருவன் மட்டும் ஏமாற்றினால் அவனுக்கு 5, ஏமாந்தவனுக்குச் சுழியம். வென்றது அனடோல் ராபொபோர்ட் அனுப்பிய, வந்தவற்றிலேயே மிகச் சிறிய நிரல். முதல் முறை ஒத்துழை, அதன்பின் எதிராளி கடைசியாகச் செய்ததையே செய். அவ்வளவுதான். எதிரொலி என்று இதைச் சொல்லலாம். முடிவுகளை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு நடத்திய இரண்டாவது போட்டியில் 62 நிரல்கள் வந்தும் எதிரொலியே வென்றது. இதில் ஒரு வேடிக்கை, எதிரொலி எந்தத் தனி மோதலிலும் எதிராளியைவிட அதிகப் புள்ளி வாங்கவே முடியாது. யாரையும் தோற்கடிக்காமல் மொத்தத்தில் முதலிடம் பெறுகிறது.

1984ல் புத்தகமாக வந்த இந்த ஆய்வின் சாரம் ஒரு நிபந்தனையில் இருக்கிறது. மறுபடி சந்திப்போம் என்ற நிச்சயம் போதுமான அளவு இருக்க வேண்டும். மேலே சொன்ன புள்ளிகளின்படி, அடுத்த சந்திப்பின் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே போனால் எதிரொலி நிலைக்காது. இன்னொன்று, கடைசிச் சந்திப்பு எது என்று தெரிந்துவிட்டால் அதில் ஏமாற்றுவதே புத்திசாலித்தனம். அதில் ஏமாற்றுவார்கள் என்று தெரிந்தால் அதற்கு முந்தையதிலும். இப்படிப் பின்னோக்கி அவிழ்ந்துகொண்டே வந்து முதல் சந்திப்பே கெட்டுவிடும். முடிவு தெரிந்த உறவு தொடங்கும்போதே முடிந்துபோனது என்கிறது தர்க்கம்.

இந்தத் தர்க்கத்தை எங்காவது ஊர்களின் மேல் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு நீலகிரியைவிடத் தோதான இடம் குறைவு.

3

நடுவட்டத்தைச் சுற்றியுள்ள புல்வெளிகள் எருமை மேய்க்கும் தோடர்களுடையவை. அவர்கள் பயிரிடவில்லை, இறைச்சி உண்ணவில்லை. இரும்புக்கும் மண்பாண்டத்துக்கும் கோத்தரிடம் வந்தார்கள். கோத்தர் ஏழே ஊர்களில் வாழ்ந்த கைவினைக் குடி. கொல்லர், தச்சர், குயவர், இசைக்காரர் எல்லாம் அவர்களே. அவர்கள் ஊருக்குக் கோக்கால் என்று பெயர். ஏழும் மலை முழுவதும் சிதறிக்கிடந்ததால் யாருக்கும் ஒரு கோக்கால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. நடுவட்டத்துக்குக் கீழே கூடலூர்க் கோக்கால். படகர் உழவர். சாமையும் கேழ்வரகும் அவர்களிடமிருந்து மற்ற எல்லோருக்கும் போயின. காட்டுச் சரிவில் குறும்பர். தேன், மூங்கில், மருந்துச்செடி அவர்களிடமிருந்து வந்தன. அவற்றோடு மந்திரமும் வந்தது.

1901-02ல் தோடரிடையே ஆய்வுசெய்த ரிவர்ஸ், 1930களில் கோத்தரிடையே தங்கிய டேவிட் மண்டல்பாம், அதே காலத்தில் கோத்த, தோட மொழிகளைப் பதிவுசெய்த எமனோ ஆகியோரின் எழுத்துகளிலிருந்து இந்த அமைப்பின் உள்வேலையைப் பார்க்க முடிகிறது. முக்கியமான விஷயம், இது சந்தை அன்று. ஒவ்வொரு படகக் குடும்பத்துக்கும் அதற்கென்று ஒரு கோத்தக் குடும்பம் உண்டு. முட்டுக் கோத்தர் என்பார்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு இந்த உறவு இறங்கும். கலப்பைக் கொழு தேய்ந்தால் அவனிடம்தான் போக வேண்டும். அறுவடையில் அவனுக்கென்று தானியம் ஒதுக்க வேண்டும். எத்தனை கொழு அடித்தான், எத்தனை பானை கொடுத்தான் என்று எண்ணி அளக்கவில்லை. நல்ல விளைச்சலில் அதிகம், பஞ்சத்தில் குறைவு. கணக்கு இருந்தது, ஆனால் அது வருஷத்துக்குள் தீர்ந்துவிடுகிற கணக்காக இல்லை.

சண்டை வந்தால்? உன் முட்டுக் கோத்தன் உனக்கு வேலைசெய்ய மறுத்தால் வேறெந்தக் கோத்தனும் அவனிடத்தில் வந்து நிற்கமாட்டான். நீ உன் ஊர்ப் பெரியவர்களிடம் போக வேண்டும், அவர்கள் கோத்தப் பெரியவர்களிடம் பேச வேண்டும். இரண்டு கூட்டங்களும் கூடி, தவறு யாருடையது என்று பார்த்து, உறவு பழையபடி ஓட ஆரம்பிக்கும். எதிரொலியின் குணங்களாக ஆக்செல்ராட் சொன்னவை நான்கு. முதலில் ஏமாற்றாதே, ஏமாற்றினால் உடனே பதிலடி, பதிலடிக்குப் பின் பகையை வளர்க்காதே, உன் நடத்தை மற்றவனுக்குப் புரியும்படி இரு. நான்கும் இங்கே ஒரு தனிமனிதனின் குணமாக இல்லாமல் வழக்கமாக, கூட்டமாக, பெரியவர்களின் திண்ணைப் பேச்சாக உருக்கொண்டிருக்கின்றன.

நம்பிக்கையின் எல்லையும் துல்லியமாக வகுக்கப்பட்டிருந்தது. தோடரின் அன்றாடப் பானை கோத்தருடையது. ஆனால் பால்கோயிலின் உள்ளறையில் வைக்கிற பாண்டத்தைத் தோடர் கோத்தரிடம் வாங்கவில்லை, சமவெளியிலிருந்து வருகிறவர்களிடம் வாங்கினார்கள் என்று ரிவர்ஸ் குறிப்பிடுகிறார். செத்த மாட்டை உண்பவர்கள் என்பதால் கோத்தர் தாழ்ந்தவர்கள். தாழ்ந்தவர்கள், ஆனால் தவிர்க்க முடியாதவர்கள். பழங்கதையொன்று இதற்கு ஒரு தோற்றம் சொல்கிறது. கமட்டராயன் என்ற தெய்வம் நெற்றி வியர்வையை வழித்து மூன்று துளிகளிலிருந்து தோடரையும் குறும்பரையும் கோத்தரையும் படைத்தது. தோடருக்குப் பால், குறும்பருக்கு எருமைக்கன்றின் இறைச்சி, கோத்தருக்கு எதையும், செத்ததையும், உண்ணும் உரிமை. ஒரே நெற்றி, ஒரே வியர்வை, சோற்றுத்தட்டு மட்டும் வேறு. உறவையும் ஏற்றத்தாழ்வையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிற சாமர்த்தியம் இந்தக் கதைக்கு இருக்கிறது.

4

ஆட்டக் கோட்பாட்டுக்குப் புரியாத ஓர் இடம் இங்கே வருகிறது. அல்லது அது புரிந்துகொள்ள வேண்டிய இடம்.

இந்தக் கொடுக்கல்வாங்கல் எல்லாம் மிக அடர்த்தியாகத் திரண்டது சாவு வீட்டில். படகன் செத்தால் கோத்தர் வர வேண்டும். கொள் என்ற ஊதுகருவி, கொம்பு, பறைகள். அந்த இசை இல்லாமல் பிணம் எழாது. தோடரின் இழவிலும் கோத்தர் வாசித்தார்கள். அங்கே பலியிடப்பட்ட எருமைகளின் உடல் கோத்தருக்குப் போயிற்று.

கணக்கின்படி இது தலைகீழ். செத்தவனோடு இனி எந்தச் சந்திப்பும் இல்லை. அவனோடு ஆடிய ஆட்டத்தின் கடைசிச் சுற்று இதுதான். இதில் எதையும் கொடுக்காமலிருப்பதே அறிவு. கோத்தன் வராமலிருந்துவிடலாம், செத்தவன் பதிலடி கொடுக்கப்போவதில்லை. தோடன் ஓர் எருமையை மிச்சம்பிடித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மலையில் மக்கள் தங்களிடம் இருந்ததில் அதிகம் செலவழித்தது இந்தச் சுற்றில்தான்.

ஏனென்றால் ஆடுகிறவன் தனிமனிதன் என்று கோட்பாடு எடுத்துக்கொண்டது தவறு. ஆடியவை குடும்பங்கள், குலங்கள், ஊர்கள். குலத்துக்குச் சாவில்லை. ஆனால் ஒரு மனிதன் சாகும்போது, அவனோடு சேர்ந்து அவனுடைய உறவுகளும் செத்துவிட்டனவோ என்ற சந்தேகம் ஒரு நாளைக்கு எல்லோருக்கும் வந்துவிடுகிறது. மகன் என்ன செய்வானோ, தெரியாது. அந்த ஒரு நாள் ஆபத்தான நாள். அந்த நாளில் கொம்போடு வந்து நிற்கிற கோத்தன், செத்தவனுக்காக மட்டும் ஊதவில்லை. உன் அப்பனோடு இருந்தது உன்னோடும் இருக்கிறது என்று மகனிடம் ஊதிச் சொல்கிறான். மகன் அன்று கொடுப்பது அதற்கு ஒப்புதல். கடைசிச் சுற்று எல்லோர் கண்முன்னாலும் முதல் சுற்றாக மாற்றப்படுகிறது.

சடங்கு என்பது வெறும் மூடநம்பிக்கையின் எச்சம் என்று நினைக்கிற பகுத்தறிவுக்கும், சடங்கு என்பது புனிதம் என்று கும்பிடுகிற பக்திக்கும் இரண்டுக்குமே இது பிடிபடாது. காலத்தை நீட்டுவதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த ஒரு கருவி அது. எழுத்தில்லாத சமூகத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட பத்திரம்.

5

இதோடு நிறுத்திக்கொண்டால் நீலகிரி ஓர் அழகான உதாரணமாகிவிடும். மானிடவியல் நூல்களில் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. நான்கு குடிகள், ஒரு மலை, போரில்லை, அரசனில்லை.

குறும்பரிடம் கேட்க வேண்டும். தர்ஸ்டன் தொகுத்திருக்கிற செய்திகளில் ஒன்று, 1835ல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டது. 1900லும் ஒரு குறும்பக் குடும்பம் முழுவதும் கொல்லப்பட்டது. படக ஊரொன்றில் நோயும் சாவும் வந்ததற்கு அந்தக் குடும்பத் தலைவனின் மந்திரம் காரணம் என்று நம்பினார்கள். இப்படிப்பட்ட கொலைகளுக்கு ஒரு முறை இருந்தது என்றும் அதே பதிவுகள் சொல்கின்றன. ஒரு தோடன் கூட இருக்க வேண்டும், அவன் கை முதலில் பட வேண்டும்.

இதுவும் ஒத்துழைப்புதான். மிகச் சிறந்த ஒத்துழைப்பு. பழியை ஒரு குடி தனியாகச் சுமக்காமல் பங்கிட்டுக்கொள்கிறது, யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. டக்கரின் கதையில் வரும் இரண்டு கைதிகள் வாய் திறக்காமலிருப்பதை நாம் 'ஒத்துழைப்பு' என்று பாராட்டும்போது, அவர்கள் செய்த குற்றம் என்ன, குற்றத்துக்குப் பலியானவன் யார் என்று கேட்க மறந்துவிடுகிறோம். அவன் ஆட்டப் பலகையில் இல்லை.

குறும்பன் பலகையில் பாதி இருந்தான். மற்றவர்கள் அவனிடம் பயந்ததுதான் அவனுடைய ஒரே நாணயம். மந்திரத்துக்கெதிரான காவலுக்காகத்தான் அவனுக்குத் தானியம் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பயமே கெட்ட வருஷத்தில் அவன் கழுத்துக்கு வந்தது. அவனுக்கு எதிரொலிக்கும் சக்தி இல்லை. கோத்தன் தன் உலையை அணைத்துவிட்டால் படகனின் வயல் நிற்கும். குறும்பன் தன் மந்திரத்தை நிறுத்திவிட்டேன் என்று எப்படிக் காட்டுவான்? இல்லாத ஒன்றை நிறுத்தியதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. தன் நடத்தையை மற்றவனுக்குப் புரியவைக்க முடியாதவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் ஆட்டத்தில் தோற்பான்.

6

1819ல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் மலையேறினார். அதன்பின் நடந்தவை தெரிந்தவைதான். சாலை, சந்தை, நாணயம், உருளைக்கிழங்கு, தேயிலை. ஆனால் பழைய அமைப்பு உடனே உடையவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. இதற்கும் பின்னர் உடைந்ததற்கும் அதே கணக்கு விளக்கம் தருகிறது.

எண்களைப் பாருங்கள். 1871ல் படகர் இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, கோத்தர் ஆயிரத்துச் சொச்சம். 1901ல் படகர் முப்பத்து நான்காயிரம் வாக்கில், கோத்தர் அதே ஆயிரத்துச் சொச்சம்தான். தோடர் எண்ணூறு. முப்பதே வருஷத்தில் ஒரு கோத்தருக்கு ஈடாக நின்ற படகர் எண்ணிக்கை பதினேழு பதினெட்டிலிருந்து முப்பதை நெருங்கிவிட்டது. ஒரு முட்டுக் கோத்தன் எத்தனை வீட்டுக்குக் கொழு அடிப்பான், எத்தனை சாவுக்குக் கொள் ஊதுவான்? போதாதற்கு 1924 வாக்கில் விஷக்காய்ச்சல் கோத்த ஊர்களை வாரிக்கொண்டு போயிற்று. உதகைக் கடையிலோ சமவெளி இரும்பும் பித்தளைப் பாத்திரமும் காசுக்குக் கிடைத்தன. கடைக்காரனுக்கு உன் அப்பன் யாரென்று தெரிய வேண்டியதில்லை. தோடர் இழவில் ஒரு சாவுக்கு இரண்டு எருமைக்கு மேல் பலியிடக் கூடாது என்று அரசாங்கம் விதித்த விதி கோத்தருக்குப் போகும் பங்கையும் குறைத்தது. நாளையின் எடை எல்லாத் தட்டிலும் குறைந்துகொண்டே வந்தது.

என்றாலும் முறிவு கொல்லன் உலையில் நிகழவில்லை. இழவு வீட்டில் நிகழ்ந்தது. 1930 வாக்கில் படித்த படகர்கள் கோத்த இசை வேண்டாமென்று கிளம்பினார்கள். சமவெளியின் மேல்சாதிகள் தங்களை எப்படிப் பார்க்கும் என்பது அவர்களுக்கு முக்கியமாகிவிட்டது. செத்த மாடு தின்பவனின் கொட்டு இல்லாமல் பிணம் எழாது என்பது அவமானமாகத் தோன்றியது. படகருக்குள்ளேயே இரண்டு கட்சி. இசை வேண்டும் என்ற கட்சியும் வேண்டாம் என்ற கட்சியும் மோதிக்கொண்டன. பானையும் கொழுவும் சத்தமில்லாமல் கைவிடப்பட்டன. அவற்றுக்காக யாரும் அடித்துக்கொள்ளவில்லை. எது வெறும் பண்டம், எது உறவின் பத்திரம் என்று அந்தச் சண்டைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுபக்கத்தில் கோத்தர்களும் சும்மா இருக்கவில்லை. சுள்ளி என்ற கோத்தர், மண்டல்பாமுக்கும் எமனோவுக்கும் தகவல் தந்தவர், ஆங்கிலம் படித்த ஆசிரியர், முடியை வெட்டிக்கொண்டதற்காகவே தன் ஊரோடு போராட வேண்டியிருந்தவர். தங்களைத் தாழ்த்துகிற வழக்கங்களைக் கோத்தர் விட வேண்டும் என்றார் அவர். பிறர் வீட்டுச் சாவுக்குப் போய் வாசிப்பது காலப்போக்கில் கோத்தருக்கே கசந்தது. இரண்டு பக்கமும் வெவ்வேறு காரணத்துக்காக ஒரே கயிற்றை அறுத்தன.

7

இந்த இடத்தில்தான் நம்முடைய கேள்வி. உடைந்தது நல்லதா?

வில்லியம் வைசர் 1936ல் உத்தரப் பிரதேச கிராமமொன்றின் குடிஊழிய முறையைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு சாதியும் மற்றதற்கு ஒருமுறை எஜமானன், ஒருமுறை ஊழியன், எல்லாம் பரஸ்பரம் என்றார். 1959ல் பைடல்மன் அதை மறுத்தார். நிலம் யாரிடமோ அதிகாரம் அவனிடம், பரஸ்பரம் என்பது சுரண்டலின் நாகரிகப் பெயர் என்றார். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. நம் ஊரில் இது விவாதமாகக்கூட இல்லை, ரத்தமாக இருக்கிறது. இழவுக்குப் பறையடிக்கமாட்டோம் என்று சொன்னதற்காகத் தாக்கப்பட்டவர்களும் ஊர்விலக்கம் செய்யப்பட்டவர்களும் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்தில் இல்லை? அவர்களிடம் போய், காலங்காலமாக இருந்த ஒத்துழைப்பைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல யாருக்கு நா எழும்? சொன்னவர்கள் உண்டு என்பதுதான் வெட்கக்கேடு.

ஆட்டக் கோட்பாடு இதில் நமக்கு உதவுகிறது, அதன் ஆர்வலர்கள் எதிர்பார்க்காத விதத்தில். திரும்பத்திரும்ப ஆடும் ஆட்டங்களைப் பற்றி அந்தத் துறையில் ஒரு தேற்றம் உண்டு. யார் முதலில் சொன்னார்கள் என்று குறிப்பிட முடியாதபடி பலருக்கும் தெரிந்திருந்ததால் அதை நாட்டார் தேற்றம் என்றே அழைக்கிறார்கள். நாளையின் எடை போதுமான அளவு இருந்தால், ஒவ்வொருவனுக்கும் அவன் ஒதுக்கப்படும்போது கிடைப்பதைவிடக் கொஞ்சமேனும் அதிகம் கொடுக்கிற எந்தப் பங்கீடும் நிலைக்கும் என்பது அதன் சாரம். எந்தப் பங்கீடும். சரிபாதியும் நிலைக்கும். தொண்ணூறுக்குப் பத்தும் நிலைக்கும், பத்து வாங்குகிறவனுக்கு வெளியே போனால் ஒன்றுதான் கிடைக்கும் என்றால்.

இதன் அர்த்தம் பெரிது. ஓர் உறவு நூறு வருஷம் நீடித்தது என்பது அது நியாயமானது என்பதற்குச் சாட்சியாகாது. வெளியே போக வழியில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. மரபு நிலைத்தது, ஆகவே அதில் ஞானம் இருக்க வேண்டும் என்று வாதிடுகிற நம் மரபுவாதிகளுக்குக் கணிதத்தின் பதில் இது. அதே மூச்சில், பரஸ்பரம் என்பதே பொய், எல்லாம் அதிகாரமே என்று முடித்துவிடுகிற நம் முற்போக்காளர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. கோத்தருக்கு மறுக்கும் பலம் இருந்தது, அதை அவர்கள் ஒருமித்துப் பயன்படுத்தினார்கள். அதனால் அவர்கள் பங்கு குறும்பர் பங்கைவிட மேலாக இருந்தது. ஒரே அமைப்புக்குள் இரண்டு தாழ்ந்த குடிகள், இரண்டு வெவ்வேறு விதி. வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குகிறவன் எதையும் பார்க்கவில்லை.

8

நடுவட்டத்துக்குத் திரும்பலாம்.

1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிஞ்சிய 1,50,000 பேரை 1974ல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு ஆட்டக்காரர்கள், நல்ல ஒத்துழைப்பு. பங்கிடப்பட்டவர்கள் மேசையில் இல்லை. அவர்களில் பலர் வந்துசேர்ந்தது இந்த மலைக்குத்தான். அவர்களுக்கு வேலை தருவதற்கென்று அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள் கூடலூர்ப் பக்கத்துச் சரிவுகளை மூடியிருக்கின்றன. மூன்றாம் தலைமுறை இப்போது கொழுந்து பறிக்கிறது.

படகச் சிறுவிவசாயிகளும் தேயிலைக்கு மாறி வெகுகாலமாயிற்று. அவர்களுக்காக 1960களிலிருந்து கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் வந்தன. அங்கே பழைய இக்கட்டு புதிய உடையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்துக் கொடுத்தால் தூள் நன்றாக இருக்கும், எல்லோருக்கும் விலை கிடைக்கும். முற்றிய இலையைக் கலந்தால் என் மூட்டை மட்டும் எடை கூடும். எல்லோர் இலையும் ஒரே தொட்டியில் போய் விழுவதால் என் கலப்படம் யாருக்கும் தெரியாது. தனியார் தொழிற்சாலை இன்றைக்கு நாலு காசு அதிகம் தந்தால் கூட்டுறவுக்குச் சேர வேண்டிய இலை அங்கே போகும். 1990களின் இறுதியில் பச்சை இலை விலை சரிந்தபோது எல்லோரும் சேர்ந்து சரிந்தார்கள். இரண்டு சரியான கணக்குகள் சேர்ந்து இருவரையும் கெடுப்பதைத் தொட்டபெட்டாச் சரிவில் மூட்டை மூட்டையாகப் பார்க்கலாம்.

முட்டுக் கோத்தன் தட்டிய கொழுவில் யார் அடித்தது என்று தெரியும். தொட்டியில் கொட்டிய இலைக்கு முகமில்லை. கூட்டுறவு என்ற சொல்லை அரசாங்கம் பலகையில் எழுதிவைத்தது. ஆளை ஆள் அடையாளம் காண்கிற, தவறினால் கேட்கிற, கேட்டபின் மன்னிக்கிற திண்ணையை அது கட்டித்தரவில்லை. எலினோர் ஆஸ்ட்ரம் 1990ல் எழுதிய நூலில், பொதுச்சொத்தை நெடுங்காலம் காப்பாற்றிய ஊர்களில் எல்லாம் இந்த மூன்றும் ஏதோ வடிவில் இருந்ததைக் காட்டினார்.

ஆனால் பழைய திண்ணைக்குத் திரும்ப முடியாது. திரும்பக் கூடாது. அந்தத் திண்ணையில் கோத்தனுக்குக் கீழ்ப்படி, குறும்பனுக்கு இடமில்லை. மறுக்கவும் வெளியேறவும் எல்லோருக்கும் உரிமை இருக்கிறபோதும், நாளையைப் பற்றிய நிச்சயம் குலையாத ஓர் உறவு எப்படி இருக்கும்? பறையைக் கீழே வைத்துவிட்டவனும் ஊர்க்காரனும் ஒருவர் சாவுக்கு ஒருவர் போவது எப்படி இருக்கும், கொட்டடிக்க அன்று, உட்கார்ந்திருக்க? இதற்குக் கணிதத்தில் விடை இல்லை. வரலாற்றிலும் முன்மாதிரி குறைவு.

கோத்தர்கள் வாசிப்பதை நிறுத்திவிடவில்லை. தங்கள் தெய்வத்துக்கும் தங்கள் இறந்தவர்களுக்கும் கொள் ஊதுகிறார்கள். அதைக் கேட்பதற்கு இப்போது தானியம் அளக்க வேண்டியதில்லை. அழைக்கப்பட்டிருக்க வேண்டும்.